மஞ்சள் கறை சிவந்த கதை: கார் லெதர் சீட்டைச் சுத்தம் செய்வது எப்படி

திருவண்ணாமலையிலிருந்து திரும்பும் வழியில் எலுமிச்சை சாதப் பொட்டலம் ஒன்று பின்சீட்டில் பிரிந்து கொட்டிவிட்டது. சீட், இந்தியக் கார்களில் எல்லாரும் ஆசைப்பட்டு வாங்கி அப்புறம் வருத்தப்படும் அந்த பீஜ் நிறம். வீட்டுக்கு வந்ததும் பாத்திரம் தேய்க்கும் சோப்பை எடுத்து நுரை பொங்கத் தேய்த்தேன். மஞ்சளாக இருந்த இடம் என் கண் முன்னாலேயே செங்கல் நிறத்துக்கு மாறியது. எட்டிப் பார்த்த அம்மா, "என்னடா, சீட்டுக்கு ஆரத்தி கரைச்சிருக்கே?" என்றார்.

அம்மா கேலியாகச் சொன்னாலும் அதில்தான் விஷயமே இருக்கிறது. ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும். மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் குர்குமின், காரத்தன்மையுள்ள எதனோடு சேர்ந்தாலும் சிவப்பாகிவிடும். சுண்ணாம்பு செய்த அதே வேலையைத்தான் என் சோப்பும் செய்தது. வீட்டில் இருக்கும் பெரும்பாலான கட்டிச் சோப்புகளின் pH 9, 10 என்று காரப் பக்கம் இருக்கும். பதனிட்ட தோலோ 3.5-லிருந்து 5 வரை என்று லேசான அமிலப் பக்கம் நிற்கும். ஆக, கறையை நீக்க நான் கையிலெடுத்த பொருளே சீட்டுக்கு ஆகாத பொருள். அன்றைக்குப் பிறகுதான் லெதர் சீட் என்பது உண்மையில் என்ன என்று உட்கார்ந்து படித்தேன். அதைப் புரிந்துகொண்டால் எந்தக் கறைக்கு என்ன செய்யலாம் என்பதை யாரையும் கேட்காமல் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

சீட்டின் மேல் ஒரு பெயின்ட்

கார் சீட்டுக்கு வருவது பெரும்பாலும் மாட்டுத் தோல். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து ஆட்களுக்கு, தோல் பதனிடும் டேனரியில் வெளிர்நீலமாக அடுக்கி வைத்திருக்கும் தோல்கள் பழக்கப்பட்ட காட்சி. குரோமிய உப்பில் பதனிட்டதால் வரும் நிறம் அது. தொழிலில் 'வெட் புளூ' என்பார்கள். குரோமியம் வருவதற்கு முன்பு நம் ஊரில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். எதில் பதனிட்டாலும் நோக்கம் ஒன்று: தோலில் உள்ள கொலாஜன் என்ற புரத நார்கள் அழுகாமல், காய்ந்து விறைக்காமல் இருக்க வேண்டும். அடுத்து சாயம் ஏற்றுவார்கள். நார்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வளைந்து கொடுக்க உள்ளுக்குள் எண்ணெய் ஏற்றுவார்கள்.

காலணிக்கும் கைப்பைக்கும் போகும் தோலில் சில வகைகள் இந்த நிலையிலேயே லேசான மெருகோடு நின்றுவிடும். கார் சீட்டுக்கு இது போதாது. வெயில், வியர்வை, நாள் முழுக்க ஆள் உரசுவது, இதையெல்லாம் தாங்க வேண்டும். அதனால் தோலின் மேல் முதலில் நிறப் பூச்சு, அதற்கு மேல் நிறமில்லாத பாலியூரிதேன் பூச்சு என்று அடுக்கடுக்காக அடிக்கிறார்கள். தேக்குக் கதவுக்கு வார்னிஷ் அடிப்பது மாதிரிதான். சீட் தோலின் தடிமன் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். பூச்சு அதைவிட மிக மெல்லியது. மேற்பூச்சு 0.15 மில்லிமீட்டரைத் தாண்டினால் அந்தப் பொருளைத் 'தோல்' என்றே அழைக்கக் கூடாது என்பது ஐரோப்பியத் தர வரையறை.

ஆக, நாம் துணியை வைத்துத் துடைக்கும்போது நம் கை படுவது தோலில் இல்லை, இந்த மெல்லிய பூச்சில். சாம்பார் கொட்டினாலும் அது நிற்பது பூச்சின் மேல்தான். பூச்சு முழுதாக இருக்கும் வரை கிட்டத்தட்ட எந்தக் கறையையும் எடுத்துவிடலாம். அது தேய்ந்தோ கரைந்தோ போன இடத்தில் கறை நேராகத் தோலுக்குள் இறங்கிவிடும், அப்புறம் எந்தக் கிளீனராலும் முழுதாக எடுக்க முடியாது. எலுமிச்சையும் சமையல் சோடாவும், பற்பசை, நெயில் பாலிஷ் ரிமூவர், மண்ணெண்ணெய் என்று ஆளாளுக்குச் சொல்லும் கைவைத்தியங்களை எல்லாம் ஒரே கேள்வியால் சலித்துவிடலாம்: இது கறையை எடுக்குமா என்று கேட்காதீர்கள், பூச்சை எடுக்குமா என்று கேளுங்கள். பற்பசையில் பல்லைத் தேய்க்கும் துகள் இருக்கிறது, அது பூச்சையும் தேய்க்கும். நெயில் பாலிஷ் ரிமூவரில் உள்ள அசிட்டோன் பூச்சைக் கரைத்துக் கையில் கொடுத்துவிடும். 'மேஜிக் ஸ்பாஞ்ச்' என்று விற்கும் வெள்ளை மெலமைன் பஞ்சு தொட்டால் மெத்தென்று இருக்கும், ஆனால் அது மிக நைசான உப்புத்தாள். கறை போகும், கூடவே பளபளப்பு மாறிய ஒரு திட்டும் மிஞ்சும்.

முதலில் அது லெதரா என்று பாருங்கள்

நம் ஊர்க் கார்களில் 'லெதர் சீட்' என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி லெதரே இல்லை. 'லெதரெட்' என்று விலைப்பட்டியலில் எழுதியிருந்தால் அது செயற்கை. குஷன் ஒர்க்ஸ் கடையில் ரெக்ஸின் என்பார்கள். ரெக்ஸின் என்பது இங்கிலாந்தில் ஒரு கம்பெனி தன் சரக்குக்கு வைத்திருந்த வியாபாரப் பெயர். நம்மிடம் வந்து பொதுப் பெயராகிவிட்டது. துணியின் மேல் பிவிசியோ பாலியூரிதேனோ பூசியது, அவ்வளவுதான். அசல் லெதர் போட்ட காரிலும் பல நேரம் உட்காரும் இடமும் சாயும் இடமும் மட்டும் தோலாக இருக்கும். பக்கவாட்டு, பின்புறம், தலையணையின் பின்பக்கம் எல்லாம் செயற்கை.

கண்டுபிடிக்க எளிய வழி சீட்டுக்கு அடியில் இருக்கிறது. குனிந்து டார்ச் அடித்து, தைத்து மடித்த ஓரம் எங்காவது வெளியே தெரிகிறதா பாருங்கள். வெட்டு ஓரத்தில் நார் நாராக, மெல்லிய பஞ்சு போல இருந்தால் தோல். பின்னிய துணி தெரிந்தால் ரெக்ஸின். தண்ணீர்ச் சொட்டு விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். அது இந்தக் கேள்விக்கு உதவாது. பூச்சு அடித்த தோலிலும் தண்ணீர் முத்தாகத்தான் நிற்கும். வேறொரு கேள்விக்கு அந்தச் சொட்டு உதவும். உங்கள் சீட் தோல்தான் என்று தெரிந்த பிறகு, சொட்டு உள்ளே இறங்கி அந்த இடம் கருத்தால், ஒன்று பூச்சு போய்விட்டது, அல்லது சீட் 'அனிலின்' வகை. அனிலின் என்பது பூச்சே இல்லாத அல்லது பெயருக்குக் கொஞ்சம் பூசிய விலை உயர்ந்த தோல். மிக ஆடம்பரமான கார்களில்தான் வரும், அதிலும் பூச்சு கொஞ்சம் கூடிய 'செமி அனிலின்'தான் அதிகம். அது உங்களிடம் இருந்தால் கறையைத் தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிட்டுத் தெரிந்தவரிடம் கொண்டுபோய்விடுங்கள்.

தொட்டால் மான்தோல் போல மெதுவாக இருக்கும் அல்கான்டரா தோல் இனமே கிடையாது. 1970-ல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் கண்டுபிடித்த செயற்கை இழை அது. அதற்கு லெதர் கண்டிஷனர் தடவினால் மெத்தென்ற ரோமம் பிசுபிசுத்துப் படிந்துவிடும். இங்கே சொல்லும் சுத்தம் செய்யும் முறை ரெக்ஸினுக்கும் பூச்சு அடித்த தோலுக்கும் பொருந்தும், அல்கான்டராவுக்குப் பொருந்தாது.

பளபளப்பு என்றால் அழுக்கு

ஷோரூமில் புது லெதர் சீட்டைப் பார்த்த நினைவிருந்தால் யோசியுங்கள்: அது மினுங்காது. மங்கலான, மேட் தோற்றம்தான் பெரும்பாலும் அதன் இயல்பு. இரண்டு வருடத்தில் ஓட்டுநர் சீட் பளபளக்க ஆரம்பிக்கும், நாமும் 'நன்றாகப் பழகிவிட்டது' என்று சந்தோஷப்படுவோம். அந்த மினுமினுப்பு நம் உடம்பின் எண்ணெயும் வியர்வையும் தூசியும் சேர்ந்து பூசிய பிசுக்கு. தலைசாய்க்கும் இடத்தில் தேங்காய் எண்ணெயும் சேர்ந்துகொள்ளும். கருப்பு சீட்டில் இது கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் கருப்பு சீட்காரர்கள் பலர் துடைப்பதே இல்லை. பிசுக்கு வெறும் அழகுப் பிரச்சினையும் இல்லை. வருடக்கணக்காக ஊறினால் பூச்சையே இளக்கிவிடும். பழைய காரில் ஸ்டியரிங் உறை கையில் ஒட்டுவதும் உரிவதும் இதனால்தான். சானிடைசர், சன் ஸ்கிரீன், கொசு விரட்டிக் கிரீம் மூன்றும் இதே வேலையைச் சீக்கிரமாகச் செய்யும். டீட் என்ற ரசாயனம் கலந்த கொசு விரட்டி பிளாஸ்டிக்கையே இளக்கக் கூடியது. கையில் தடவிக்கொண்டு உடனே சீட்டில் ஊன்றாதீர்கள்.

சரி, சுத்தம் செய்வது எப்படி? பெரிய வித்தை ஒன்றும் இல்லை. காரை நிழலில் நிறுத்தி சீட் சூடு ஆறும் வரை காத்திருங்கள். சூடான சீட்டில் கிளீனர் உடனே காய்ந்து திட்டுத் திட்டாகிவிடும். பிறகு வாக்யூம் கிளீனரால் மண்ணையும் பிஸ்கட் தூளையும் எடுங்கள், முக்கியமாகத் தையல் இடுக்குகளில். இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். கடற்கரை போய்வந்த சீட்டை மணலோடு ஈரத்துணியால் தேய்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள், உப்புத்தாள் கதைதான்.

லெதருக்கென்று விற்கும் நடுநிலை pH கிளீனர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் சில துளி குழந்தை ஷாம்பு போதும். சீயக்காய் போடலாமா என்று என் அத்தை கேட்டார். அதன் தன்மை சாதுதான், ஆனால் தூளாக இருப்பதால் தேய்க்கும்; அதன் பழுப்பு நிறமும் பீஜ் சீட்டில் இன்னொரு கறையாகிவிடும். கிளீனரை நேராக சீட்டில் ஊற்றாமல் மென்மையான பிரஷ்ஷிலோ மைக்ரோஃபைபர் துணியிலோ எடுங்கள். ஒரு முழத்துக்கு ஒரு முழம் என்று சின்னப் பரப்பாக, அழுத்தாமல் வட்டமாகத் தேய்த்து, அழுக்கு நுரை காய்வதற்குள் ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். அடுத்த பரப்புக்குப் போங்கள். கறை ஓரிடத்தில் இருந்தாலும் ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரை அந்தத் துண்டு முழுவதையும் துடைப்பது நல்லது, இல்லாவிட்டால் சுத்தமான வட்டம் ஒன்று தனியாகத் தெரியும்.

துணி வெள்ளையாக இருக்கட்டும். அது வெறும் துணியாக இல்லாமல் ஒரு கருவியாகவும் வேலை செய்யும். பழுப்பாக, சாம்பலாக வந்தால் அழுக்கு வருகிறது, தொடரலாம். சீட்டின் நிறமே துணியில் ஏறினால் பூச்சு வருகிறது, அந்த நொடியே நிறுத்துங்கள். தொழிற்சாலையிலும் இதே சோதனைதான்: வெள்ளைக் கம்பளித் துண்டால் தோலை உலர்வாகவும் ஈரமாகவும் செயற்கை வியர்வையிலும் பல முறை தேய்த்து, துண்டில் எவ்வளவு நிறம் ஏறுகிறது என்று பார்க்கிறார்கள். எந்தப் புதுப் பொருளையும் முதலில் சீட்டின் பின்கீழ் மூலையில், யாரும் பார்க்காத இடத்தில் தடவி, காய்ந்த பிறகு பார்த்துவிட்டு முன்னால் வாருங்கள்.

காற்று வரும் வென்டிலேட்டட் சீட்டில் ஊசித் துளைகள் இருக்கும். அங்கே துணியை நன்றாகப் பிழிந்த பிறகே வைக்க வேண்டும். துளை வழியாக இறங்கிய நுரை கீழே ஸ்பாஞ்சில் தங்கி நாறும், அடியில் மின்விசிறியும் வயர்களும் வேறு இருக்கின்றன. வாட்டர் வாஷ் கடையில் காரை விடும்போது இதை வாய் திறந்து சொல்லிவிடுங்கள். ஒரு முறை ஒரு கடையில் என் கண் முன்னாலேயே சீட்டில் குழாயைப் பீய்ச்சப் போனார் ஒரு தம்பி. அவர் மேல் தப்பில்லை, துணி சீட்டுக்கும் இதுக்கும் வித்தியாசம் யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

கறைகளின் குணம்

சாப்பாட்டுக் கறையில் முதல் பத்து நிமிடம்தான் எல்லாம். கெட்டியாக இருப்பதைக் கரண்டியின் மழுங்கிய ஓரத்தால் அள்ளி எடுத்துவிட்டு, திரவத்தை ஒற்றுங்கள். வெளியிலிருந்து உள்நோக்கி ஒற்றினால் கறை பரவாது. பால், தயிர், குழந்தை வாந்தி எல்லாவற்றுக்கும் குளிர்ந்த தண்ணீர்தான். புரதம் சூடுபட்டால் முட்டை வெந்தது போல இறுகிவிடும். வாந்தியில் சீட்டைவிடத் தையல் இடுக்கும் பெல்ட் கொக்கிப் பகுதியும்தான் பின்னால் நாற்றம் கொடுக்கும், அங்கே ஈரத்துணியைச் சுற்றிய விரலோடு போக வேண்டும். சூயிங்கம் ஒட்டினால் பிளாஸ்டிக் பையில் ஐஸ் கட்டியைப் போட்டு மேலே வைத்து விறைக்க வையுங்கள், உரித்துவிடலாம்.

மஞ்சளுக்கு வருகிறேன். என் செங்கல் நிறத் திட்டை முதலில் பழைய மஞ்சளுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. வினிகரில் பல மடங்கு தண்ணீர் கலந்து துணியில் நனைத்து ஒற்றினேன். அமிலம் பட்டதும் சிவப்பு அடங்கி மஞ்சள் திரும்பியது. அப்புறம் மென்மையான கிளீனரால் இரண்டு மூன்று முறை. பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சத்துக்கு மஞ்சளின் இன்னொரு பலவீனம் உதவியது: குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது. மஞ்சள் பட்ட வேட்டியை வெயிலில் காயப்போட்டால் வெளுக்கிறதே, அதேதான். காலை இளவெயில் அந்தப் பக்கக் கண்ணாடி வழியாகப் படும்படி சில நாள் காரை நிறுத்தினேன். மஞ்சள் மங்கிக்கொண்டே போனது. இதற்காக உச்சிவெயிலில் விடாதீர்கள், அது வேறு கேடு.

பால்பாயின்ட் பேனா மை எல்லாவற்றிலும் மோசம். எண்ணெய் கலந்த சாயம் அது. சில மணி நேரம் வரை பூச்சின் மேல் நிற்கும், நாள் ஆக ஆகப் பூச்சுக்குள் ஊறிவிடும். பழைய காலத்து வைத்தியம் ஹேர் ஸ்பிரே. அதிலிருந்த ஆல்கஹால்தான் வேலை செய்தது, கூடவே பசையையும் விட்டுவிட்டுப் போகும். இன்றைக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டே போதும். ஆனால் ஒன்று: மையைக் கரைக்கும் ஆல்கஹால் பூச்சையும் கொஞ்சம் கரைக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியின் நுனியில் மட்டும் நனைத்து, கோட்டின் மேல் தேய்க்காமல் உருட்டுங்கள். நுனி நீலமானதும் குச்சியை மாற்றுங்கள். உடனே ஈரத்துணியால் ஒற்றுங்கள். மங்கலாக ஒரு கோடு மிஞ்சினால் அதோடு விட்டுவிடுவது புத்திசாலித்தனம். கோட்டைத் துரத்திக்கொண்டே போய் உள்ளங்கை அளவு வெள்ளைத் திட்டு உண்டாக்கியவர்களை எனக்குத் தெரியும்.

ஜீன்ஸ் நீலம் பீஜ் சீட்காரர்களின் தனிச் சோகம். இண்டிகோ சாயம் பருத்தி நூலோடு வேதி முறையில் பிணையாது, துகளாக மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் ஜீன்ஸ் அழகாக வெளுக்கிறது, அதனால்தான் சீட்டிலும் ஏறுகிறது. புது ஜீன்ஸ், வியர்வை, நீண்ட பயணம் மூன்றும் சேர்ந்தால் நிச்சயம். முதல் வாரத்தில் லேசான நீல நிழல் தெரியும்போதே துடைத்தால் போய்விடும். ஆறு மாதம் விட்டால் பூச்சுக்குள் குடியேறிவிடும், அப்போது நிறம் திரும்ப அடிப்பதுதான் வழி. லெதர் மேல் பூசும் பாதுகாப்புப் பூச்சு ஒன்று விற்கிறது. சாதாரணமாக நான் இந்த மாதிரிப் புட்டிகளை நம்புவதில்லை, ஆனால் வெளிர்நிற சீட்டும் ஜீன்ஸ் போடும் வீடும் என்றால் அதற்குக் கொடுக்கும் காசு வீணில்லை. சாயம் அந்தத் தற்காலிகப் படலத்தில் ஏறி, அதோடேயே வெளியே வந்துவிடும்.

எண்ணெய்க் கறை, வடையோ பஜ்ஜியோ எதுவானாலும், பூச்சு நன்றாக இருந்தால் துடைத்தாலே போகும். பூச்சில்லாத தோலாக இருந்தால் தண்ணீரே வேண்டாம், முகப் பவுடரைத் தூவி இரவு முழுக்க விட்டுக் காலையில் வாக்யூம் செய்யுங்கள்.

எண்ணெய் தடவலாமா?

தோல் என்றாலே எண்ணெய் போட வேண்டும் என்பது நம் ரத்தத்தில் ஊறிய எண்ணம். செருப்புக்கு விளக்கெண்ணெய் போட்டுப் பழகிய ஊர். அந்தச் செருப்பின் தோலில் பூச்சு கிடையாது, எண்ணெய் உள்ளே போய் நாரை மெதுவாக்கியது. கார் சீட்டில் எண்ணெய் எங்கே போகும்? பூச்சின் மேல் நிற்கும். இரண்டு நாள் பளபளக்கும், தூசியை இழுக்கும், உட்கார்ந்தவரின் வெள்ளைச் சட்டையில் ஏறும், நாளாக நாளாகக் காறல் வாடை வரும். மேலே சொன்ன பிசுக்கை நாமே காசு கொடுத்து வாங்கித் தடவுகிறோம். தேங்காய் எண்ணெய், ஆலிவ் எண்ணெய், வாசலின் எல்லாவற்றுக்கும் இதே கதை. டேஷ்போர்டுக்கு அடிக்கும் சிலிக்கான் ஸ்பிரேயை சீட்டில் அடித்தால் கூடுதலாக வழுக்கவும் செய்யும். பிரேக் போடும்போது ஓட்டுநர் வழுக்கக் கூடாது.

அப்படியானால் கடையில் விற்கும் லெதர் கண்டிஷனர்? முழுப் பூச்சு அடித்த சீட்டில் அதுவும் பெரிதாக உள்ளே போகாது. மேற்பரப்பில் உரசலைக் குறைக்கும், தையல் துளை, சுருக்கம் போன்ற இடங்களில் கொஞ்சம் இறங்கும். சுத்தம் செய்த பிறகு துணியில் சிறிது எடுத்து மெல்லியதாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிட்டால் போதும், நாலைந்து மாதத்துக்கு ஒரு முறை. சுத்தம் செய்யாமல் கண்டிஷனர் மட்டும் போடுவது, குளிக்காமல் பவுடர் பூசுவது மாதிரி. ரெக்ஸினுக்கு அது தேவையே இல்லை. ரெக்ஸின் வெடிப்பது, பிவிசியை மெதுவாக வைத்திருக்கும் பொருள் வருடக்கணக்கில் வெயிலில் வெளியேறுவதால். அதைக் கண்டிஷனரால் திருப்பிக் கொண்டுவர முடியாது.

உண்மையில் தோலுக்கு வேண்டியது எண்ணெயைவிட ஈரப்பதம். நார்களுக்கு நடுவே எப்போதும் கொஞ்சம் தண்ணீர் இருக்க வேண்டும், அது வறண்டால் தோல் சுருங்கி விறைக்கும், மேலே உள்ள பூச்சில் கீறல் விழும். சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. எதிரி வெயில்தான். 2018-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் அரிசோனாவில் கோடை நாள்களில் வெயிலில் நிறுத்திய கார்களை ஆராய்ந்தபோது, ஒரு மணி நேரத்தில் சீட் சராசரியாக 50 டிகிரி செல்சியஸையும் டேஷ்போர்டு கிட்டத்தட்ட 70 டிகிரியையும் தொட்டது. மே மாதத்து வேலூரில் நிலைமை ரொம்ப வேறாக இருக்காது. கண்ணாடிக்கு ஒரு மடக்குத் திரை, முடிந்தால் நிழல். இந்த இரண்டும் எந்தப் புட்டியைவிடவும் சீட்டின் ஆயுளைக் கூட்டும்.

மழைக்காலத்தில் பிரச்சினை தலைகீழ். இரண்டு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்தால் சீட்டில் வெண்பச்சைப் புள்ளிகள், மூக்கைத் துளைக்கும் வாடை. பூஞ்சைக்குச் சாப்பாடு தோலைவிட அதன் மேலிருக்கும் பிசுக்குதான், அழுக்கு சீட்டில்தான் முதலில் பூக்கும். காரை வெளியே தள்ளி, நான்கு கதவையும் திறந்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். உலர்ந்த துணியால் தட்டினால் வித்துகள் கார் முழுக்கப் பறக்கும். லேசாக ஈரமாக்கிய துணியால் அள்ளி, ஒவ்வொரு முறையும் துணியின் புதுப் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர் கலந்த வினிகரால் ஒரு முறை, கிளீனரால் ஒரு முறை. மின்விசிறி வைத்து நிழலில் காய விடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். அப்புறம் தரைமேட்டைத் தூக்கிக் கீழே கார்ப்பெட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். பல முறை அங்கேதான் தண்ணீர் தேங்கியிருக்கும். அது காயாமல் சீட்டை எத்தனை தடவை துடைத்தாலும் பூஞ்சை திரும்பி வரும்.

துணியைக் கீழே வைக்க வேண்டிய இடம்

நம் கார்களில் ஓட்டுநர் வலப்பக்கம் ஏறி இறங்குவதால் அந்த சீட்டின் வலப்புற விளிம்புதான் முதலில் தேயும். அங்கே நிறம் மாறியிருந்தால் அது அழுக்கா தேய்மானமா என்று வெள்ளைத் துணிச் சோதனையில் பாருங்கள். சுத்தம் செய்த பிறகும் வெளிறித் தெரிந்து, தண்ணீர்ச் சொட்டு உள்ளே இறங்கினால் பூச்சு போய்விட்டது. இனி அது சுத்தம் செய்யும் வேலை இல்லை, பெயின்ட் வேலை. தெரிந்தவர்கள் பிசுக்கை முழுதாக எடுத்து, லேசாகத் தேய்த்துச் சமப்படுத்தி, கீறலை நிரப்பி, லெதர் நிறத்தை அடுக்கடுக்காக அடித்து, மேலே பாதுகாப்புப் பூச்சு போடுவார்கள். பிசுக்கு எடுக்கும் முதல் படியில் அவசரப்பட்டால் சில மாதத்திலேயே தோல் உரிந்த பாம்பு போல உரியும். வேலை கொடுக்கும் முன் அந்தப் படியை எப்படிச் செய்வார்கள் என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே ஆளைத் தெரிந்துவிடும். ஷூ பாலிஷ் போட்டு மறைப்பது நடக்காத காரியம், அது முதுகிலும் தொடையிலும் ஏறும்.

தோல் கிழிந்திருந்தாலோ கறையை மறைக்க சீட் கவர் போட நினைத்தாலோ, குஷன் ஒர்க்ஸுக்குப் போகும் முன் சீட்டின் சாயும் பகுதியில் கதவுப் பக்கம் தடவிப் பாருங்கள். 'ஏர்பேக்' என்று எழுதிய சிறு லேபிள் இருந்தால் பக்கவாட்டுக் காற்றுப்பை சீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மோதும்போது குறிப்பிட்ட ஒரு தையலைப் பிய்த்துக்கொண்டு அது வெளியே வர வேண்டும், அதற்கென்றே அந்தத் தையலின் நூலும் விதமும் வேறு. மேலே இறுக்கமான கவர் மாட்டினாலோ, அந்த இடத்தைச் சாதாரண கெட்டி நூலால் திரும்பத் தைத்தாலோ பை சரியான நேரத்தில் விரியாது. பக்கத்தில் திறப்பு விட்ட, அந்த மாடலுக்கென்றே செய்த கவர் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை, "அதெல்லாம் ஒன்னும் ஆகாது சார்" என்று பதில் வந்தால், கறையோடேயே வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.